தலையெடுத்த கொடுவா

அத்தியாயம் 11

சென்ற வாரம் மைக்கைத் துறைமுகப் படிக்கட்டில், இடுப்பில் கை வைத்தபடி நிற்க விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள். எதிரே அவள் நாத்தனார் சீருடையும் அளவுப் பலகையுமாகத் தம்பியின் படகில் ஏறிவிட்டாள். கூடவே, எந்த நாளும் படகில் கால் வைக்காத அவள் மேலதிகாரி, துணை இயக்குநரும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். நாத்தனார் மீன்வளத் துறை ஆய்வாளர். இந்த நீளத்துக்குக் குறைந்த மீனைப் பிடிக்கக் கூடாது, ஒரு படகு ஒரு நாளில் இத்தனைக்கு மேல் இறக்கக் கூடாது என்று அரசாங்கம் போட்டிருக்கும் சட்டத்துக்குத் துறைமுகத்தில் அவள்தான் காவல். அதனால் அவளுக்கு ஸ்கேல் மேடம் என்று பெயர். படகு அவளுடைய கூடப் பிறந்தவனுடையது. ஸ்கேல் மேடத்தின் தம்பி என்பதால் துறைமுகமே அவனைத் தம்பி என்று கூப்பிடும், அவனைவிடச் சின்னவர்கள்கூட. தம்பியின் பெண்டாட்டிதான் மைக். ஏலக்கூடத்தில் மீனை ஏலம் விடுகிறவள். அவள் குரலுக்கு மின்சாரம் தேவையில்லை.

போன மாதம் எண்ணிக்கைக்கு மேல் மீன் இருந்தது என்று தம்பியின் படகு மேல் ஒரு வழக்கு விழுந்தது. இன்னொரு வழக்கு விழுந்தால் உரிமத்தை நிறுத்திவிடுவார்கள். பருவம் முழுக்கப் படகு கரையில் கிடக்கும், தம்பி வீட்டில் கிடப்பான்.

இன்னொன்று. விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு மீன்களை ஒரு பெரிய இரும்புப் படகு ஐஸ் பாளமாக உறைய வைத்து இறக்குகிறது என்று ஸ்கேல் மேடம் போன வாரம்தான் கண்டுபிடித்தாள். அடுத்த தடவை வரட்டும், உள்ளே இறங்கிப் பார்க்கிறேன் என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லியும் விட்டாள். சொன்ன நாளிலிருந்து துணை இயக்குநரின் முகம் சரியில்லை.

சரி, படகுக்குப் போவோம்.

உண்மையில் அன்று காலை பயப்பட எதுவும் இல்லை. சிறிசாக ஏறியதையெல்லாம் தம்பி கடலிலேயே திருப்பி விட்டிருந்தான். போன மாதம் பட்ட சூடு அப்படி. அக்கா ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்து, மீனைப் பலகையில் கிடத்தி, மூக்கை முனைக் கட்டையில் முட்ட வைத்து, வால் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்தாள். தாண்டியது. அடுத்ததும் தாண்டியது. தம்பியின் முகத்தைப் பார்க்காமலே அளந்தாள். தம்பியின் படகை நான் சோதிக்கக் கூடாது, வேறு ஆளை அனுப்புங்கள் என்று அவள் கேட்காமல் இல்லை. ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார் துணை இயக்குநர். ஆள் இல்லாத துறைக்கு அன்று அவரே வந்து நின்றாரே, அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

எல்லாப் பெட்டியும் முடிந்தது. மைக் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அந்த நீலப் பெட்டி?" என்றார் துணை இயக்குநர்.

தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒளிக்க எதுவும் இல்லாதவன் சிரிக்கிற சிரிப்பு அது.

"அது விக்கறதுக்கு இல்ல சார். வீட்டுக்கு."

மூடியைத் திறந்தான். ஐஸ் மேல் நான்கு கொடுவா. செதில் சுரண்டி, குடல் எடுத்து, நன்றாகக் கழுவி, வரிசையாக. ஒன்றுக்கும் தலை இல்லை.

ஸ்கேல் மேடம் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அன்று காலை முதல் தடவையாக.

"இதையும் அளங்க மேடம்."

"அளக்க முடியாது சார். தலை இல்ல."

"கரைக்கு வர்ற வரைக்கும் மீன் தலையும் வாலுமா முழுசா இருக்கணும். தெரியுமில்ல? தலையை வெட்டிட்டா அது எந்த மீனு, என்ன நீளம்னு யாருக்குத் தெரியும்? அளக்க முடியாத மீனைச் சட்டம் என்னன்னு எடுத்துக்கும்?"

அவளுக்குத் தெரியும். கடலோரம் முழுக்கப் படகுக்காரர்களை உட்கார வைத்து அதைச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

"அளவு குறைஞ்ச மீன்னு எடுத்துக்கும்."

தம்பிக்கு இன்னும் புரியவில்லை. ஒரு கொடுவாவை வாலைப் பிடித்துத் தூக்கினான். "சார், பிடிச்சதுலயே பெரிசு இதான். நல்லதாப் பார்த்துத் தனியா எடுத்து வெச்சேன். இங்க பாருங்க." பலகையில் வைத்தான். தலை இல்லாத வெறும் உடம்பே கோட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"மூக்கு நுனியிலேர்ந்து வால் நுனி வரைக்கும்னு எழுதியிருக்கு. மூக்கைக் காட்டு."

"மூக்கு கடல்ல கிடக்கு சார்."

"அப்ப வழக்கு போட வேண்டியதுதான். மேடம், ஆகட்டும்."

அவள் அசையவில்லை. அப்போதுதான் படிக்கட்டிலிருந்து மைக் குதித்தாள். படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"அண்ணி, சொல்லுங்க. நீங்கதான தலையெடுத்துக் கொண்டு வரச் சொன்னீங்க?"

முந்தின நாள் சாயங்காலம் நடந்தது இது. தம்பி வலை முடைந்துகொண்டிருந்தான், இரண்டு கையும் நூலில். அக்கா கூப்பிட்டதும் போனை ஸ்பீக்கரில் போட்டது மைக்தான். "நாளைக்கு எங்க வீட்ல அவரோட அண்ணன் குடும்பம் சாப்பிட வருதுடா. எனக்கு இருட்டற வரைக்கும் வேலை. நல்லதா நாலு கொடுவா தலையெடுத்துச் சுத்தம் பண்ணியே கொண்டு வந்துடு. நான் வந்து ஆய்ஞ்சுட்டு உட்கார முடியாது." அவ்வளவுதான். அக்கா நினைத்தது, கரைக்கு வந்து, சோதனை முடிந்து, வீட்டு வாசலில் உட்கார்ந்து ஆய்வது. தம்பி நினைத்தது, திரும்பி வரும் வழியில் சும்மாதானே இருக்கிறோம், கையோடு முடித்துவிடலாம் என்று. தலையை வெட்டக் கூடாது என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். வேறு யார் சொல்லியிருந்தாலும் வெட்டியிருக்க மாட்டான். சொன்னது ஆய்வாளர். அவளுக்குத் தெரியாத சட்டமா என்று இருந்துவிட்டான்.

துணை இயக்குநர் மெதுவாகத் திரும்பினார். காலையிலிருந்து அவர் முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம் இப்போது வந்தது.

"இது என்ன புதுக் கதை? மேடம், நீங்க சொன்னீங்களா?"

ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் என்றால் வேலைக்கு ஆபத்து. அவள் வீட்டில் இப்போது அவள் ஒருத்திதான் சம்பாதிக்கிறாள், உங்களுக்குத் தெரியும். இல்லை என்றால் தம்பி பெண்டாட்டி பொய்க்காரி.

"அக்கா ஒண்ணும் சொல்லல சார்," என்றான் தம்பி. "நானாத்தான் வெட்டினேன்."

"உங்க சம்சாரம் சொல்றாங்களே?"

தம்பி கையில் இருந்த கொடுவாவைப் பெட்டியில் வைத்தான். மைக்கின் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"அவளுக்கு எங்கக்காவைக் கண்டா ஆகாது சார். வாய்க்கு வந்ததைச் சொல்றா."

கரையில் ஐஸ் வண்டி தள்ளுகிறவர்கள், வலை உதறுகிறவர்கள், ஏலத்துக்காகக் காத்திருந்த வியாபாரிகள் எல்லாரும் கேட்டார்கள். ஸ்கேல் மேடமும் கேட்டாள். கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றாள். நின்றபடியே வழக்கை எழுதினாள். இயந்திர அறைக் கதவில் சிவப்பு முத்திரை ஒட்டினார்கள். நான்கு கொடுவாவையும் பையில் போட்டுக் கட்டி எடுத்துப் போனார்கள்.

படிக்கட்டில் தம்பியை மடக்கினாள் மைக். சாதாரண நாளில் அவனை அவள் 'ஏங்க' என்பாள். கோபம் வந்தால் அது 'யோவ்' ஆகிவிடும்.

"யோவ். நில்லு."

"கத்தாத."

"கத்தறதுதான் எனக்கு வேலை. நான் பொய் சொன்னேனா?"

"அக்கா வேலை போயிடும்டி. படகு எப்படியும் போச்சு. தலையை யார் வெட்டச் சொன்னா என்ன, வெட்டினது வெட்டினதுதான். அவ வாயைத் திறந்தாலும் என் உரிமம் திரும்பி வரப் போறதில்ல. எதுக்கு ரெண்டு பேரும் நாசமாப் போகணும்?"

"அதனால என்னைப் பொய்க்காரி ஆக்கிட்ட."

"ஒரு வார்த்தைதான."

"உனக்கு ஒரு வார்த்தை. எனக்கு அது ஒண்ணுதான்யா இருக்கு."

அவன் போய்விட்டான். அவன் கணக்கு அவனுக்குச் சரியாகத்தான் இருந்தது. அவளை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டான், அவ்வளவுதான். ஆண்பிள்ளைகள் செய்கிற தியாகத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான், செலவு வேறு யார் தலையிலோ விழும்.

ஏலம் எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் அவள் சொன்னது புரியும். பெட்டியில் மேல் வரிசை மீன்தான் கண்ணுக்குத் தெரியும். அடியில் இருப்பது ஐஸுக்குள். ஒவ்வொரு பெட்டியையும் கொட்டிப் பார்த்தால் மீன் கெட்டுவிடும், பொழுதும் போய்விடும். அதனால் மைக் பெட்டி பக்கத்தில் நின்று, "கீழயும் இதேதான்" என்பாள். வியாபாரிகள் அதை நம்பி விலை கேட்பார்கள். அடியில் சிறிசு இருந்தால் "கீழ சிறிசு" என்று அவளே சொல்லிவிடுவாள், படகுக்காரன் முறைத்தாலும் சரி. அவள் ஏலம் விட ஆரம்பித்த நாளிலிருந்து ஒருத்தரும் பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்ததில்லை.

அன்று காலை ஏலத்தில் முதல் பெட்டிக்கு "கீழயும் இதேதான்" என்றாள்.

ஓட்டல்காரர் குனிந்தார். நன்றாகப் பழகினவர், பார்த்தால் சிரிக்கிறவர். சட்டைக் கையை மடித்துவிட்டு, பெட்டிக்குள் முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு மீனை உருவி எடுத்துப் பார்த்தார். மேலே இருந்த மாதிரியேதான் இருந்தது. திருப்பி வைத்தார்.

"தப்பா நினைக்காத. சும்மா பார்த்தேன்."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. ஆனால் ஏலத்தை நிறுத்தவில்லை. அடுத்த பெட்டியில் இன்னொருத்தர் கை விட்டார். அதற்கடுத்த பெட்டியில் இரண்டு பேர்.

இந்தப் பக்கம் ஸ்கேல் மேடம் என்ன செய்தாள்?

அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். கை கழுவினாள். மீன் வாடை போகவில்லை, மறுபடி கழுவினாள். தம்பி படகில் சொன்ன வார்த்தை காதில் திரும்பத் திரும்ப விழுந்தது. அதைவிட அதிகமாக, தான் சொல்லாத வார்த்தை. தன் மேல் வந்த கோபத்தில் எழுந்தாள், துணை இயக்குநர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

ஏ.சி. சொட்டிய தண்ணீரைப் பிடிக்க ஒரு வாளி வைத்திருந்தார்கள். சுவரில் மீன்களின் படமும் ஒவ்வொன்றுக்கும் உரிய குறைந்தபட்ச நீளமும். அவர் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"சார், தலையெடுக்கச் சொன்னது நான்தான். என் தம்பி பொண்டாட்டி சொன்னது உண்மை. எங்க வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்கன்னு நான்தான் கேட்டேன்."

அவர் பேனாவை மூடினார். அவசரமே இல்லை.

"எனக்குக் காதுல விழலையே."

"மறுபடி சொல்றேன் சார். நான்..."

"மறுபடி சொன்னாலும் விழாது. உட்காருங்க. எதுக்கு இப்படி உணர்ச்சிவசப்படறீங்க? வழக்கு முடிஞ்சாச்சு. உங்க தம்பி ஒத்துக்கிட்டாரு. உங்க பேரே இதுல இல்ல. சாயங்காலம் அந்தப் பெரிய படகு வருது. நீங்க அதுக்கெல்லாம் அலைய வேண்டாம். வீட்டுக்குப் போய் விருந்தாளியைக் கவனிங்க."

அவளுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் காது மடல் சுட்டது.

"அந்தப் படகுல குஞ்சு மீனைப் பாளமா உறைய வெச்சு வெச்சிருக்காங்க சார்."

"பாளத்தை எப்படி அளப்பீங்க? முடியாதில்ல. விடுங்க."

"காலைல என் தம்பி மீனையும் அளக்க முடியல. அளக்க முடியலன்னா அளவு குறைஞ்சதுன்னு என்னை எழுத வெச்சீங்க."

"அது வேற."

"எப்படி சார் வேற? நாலு மீன் வெச்சிருந்தவனுக்கு ஒரு சட்டம், அறை அறையா உறைய வெச்சிருக்கவனுக்கு ஒரு சட்டமா? ஒரு தடவையாவது முட்டை விட்டுட்டுச் சாகட்டும்னுதான சார் இந்த அளவே வெச்சிருக்கு. பொறந்து கண்ணு திறக்காததையெல்லாம் அவன் வாரிட்டு வர்றான். அவனை விட்டுட்டு, தலை இல்லாம கோட்டைத் தாண்டுற மீனைப் பிடிச்சு நிறுத்தறதுக்கா நான் சீருடை போட்டுக்கிட்டு வர்றேன்?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. சில பேர் அப்படித்தான், கத்தாமலே கழுத்தை நெரிப்பார்கள்.

"மேடம், நீங்க இப்ப சொன்னது எனக்குக் காதுல விழலை. பெரிய படகுல நீங்க கால் வெச்சா, விழும். தன் வீட்டு விருந்துக்குச் சட்டத்தை மீறச் சொன்ன ஆய்வாளர்னு விழும். யோசிச்சு நடந்துக்குங்க."

வெளியே வந்தவள் வீட்டுக்குத்தான் கிளம்பினாள். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? பேருந்து நிறுத்தம் வரை போனாள். பேருந்தும் வந்தது. ஏறவில்லை. நாளைக்கும் அவர் இதையே சொல்லுவார், அடுத்த வருஷமும் சொல்லுவார். தம்பி ஒரு பொய் சொல்லி அவள் வேலையைக் காப்பாற்றினான். அந்தப் பொய்யை அந்த ஆள் எடுத்து அவள் கழுத்தில் கட்டிக் கயிற்றைத் தன் கையில் வைத்துக்கொண்டார். இனி எந்தப் படகை அளப்பது, எதை விடுவது என்று இழுத்துக் காட்டுவார். அந்த வேலைக்குப் பெயர் ஆய்வாளரா?

ஏலக்கூடத்துக்கு நடந்தாள்.

சாயங்கால ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏலம் என்றா சொன்னேன்? சண்டை. காலையில் கை விட்டுப் பார்த்த ஓட்டல்காரர் இப்போது ஒரு பெட்டியையே தரையில் கொட்டியிருந்தார். மீனும் ஐஸும் ஈரத் தரையில் சிதறிக் கிடந்தன. அடியிலும் அதே மீன்தான்.

"என் வார்த்தை போதாதா?" மைக்கின் தொண்டை கட்டியிருந்தது. அந்தத் தொண்டை கட்டி யாரும் கேட்டதில்லை.

"கட்டின புருஷனே வாய்க்கு வந்ததைச் சொல்றான்னு சொல்லிட்டாரு," என்றார் ஓட்டல்காரர். "நாங்க என்ன பண்ண?"

ஸ்கேல் மேடம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சீருடையைப் பார்த்து வழி விட்டார்கள். மைக் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன அண்ணி, இங்க யாரும் தலையெடுக்கல. போய் வேற இடத்துல அளங்க."

"சாரைப் பார்த்து உண்மையைச் சொல்லிட்டேன்."

"சரி. அதுக்கு?"

"காதுல விழலைன்னுட்டாரு. பெரிய படகைத் தொடாம இருந்தா விழாதாம்."

மைக் நிமிர்ந்தாள். அவள் மட்டும் கேட்கிற மாதிரிதான் நாத்தனார் பேசினாள், ஆனால் மைக்குக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"ஒரு அறைக்குள்ள ஒரு ஆள்கிட்ட சொன்னீங்க. அவரும் கேட்கலன்னுட்டாரு. காலைல அத்தனை பேர் முன்னாடி வாயை மூடிக்கிட்டு நின்னீங்களே, அப்ப இவங்க எல்லாருக்கும் காது நல்லாத்தான் இருந்துச்சு. இங்க சொல்லுங்க. உங்க தம்பிக்கு உங்க வேலை பெரிசு. உங்களுக்கும் பெரிசு. என் வேலை என்ன, தரையில கொட்டறதுக்கா?"

"அதுக்குத்தான் வந்தேன்."

ஸ்கேல் மேடம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். சொன்னாள். ஆனால் பின்னால் ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அவளுக்கோ குரலே கிடையாது. முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. "என்ன சொல்றாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

மைக் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க சொல்லுங்க. நான் சொல்றேன்."

"தலையெடுக்கச் சொன்னது நான்தான்," என்றாள் நாத்தனார்.

"தலையெடுக்கச் சொன்னது நான்தான்." கட்டிய தொண்டையோடு, ஏலம் கூவுகிற அதே இழுப்பில், கூடத்தின் கடைசித் தூண் வரைக்கும் கேட்கும்படி மைக் கூவினாள். யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

"என் தம்பி எனக்காகப் பொய் சொன்னான்."

"என் தம்பி எனக்காகப் பொய் சொன்னான்."

"என் தம்பி பொண்டாட்டி சொன்னது அத்தனையும் உண்மை. நான் அங்கேயே நின்னுக்கிட்டு வாயைத் திறக்கல."

இதைக் கூவும்போது மட்டும் மைக்கின் குரல் ஒரு இடத்தில் தடுக்கியது. தொண்டையால் அல்ல. நாத்தனார் அழுதுகொண்டிருந்தாள். மைக் அழவில்லை, அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கடைசி வார்த்தை வரை கூவி முடித்தாள்.

பிறகு ஓட்டல்காரரைப் பார்த்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேச்சு வேணாம். கொட்டினது நீங்க. அள்ளுங்க."

அவர் குனிந்து அள்ளினார். ஒரு மீன் பாக்கி இல்லாமல் அள்ளினார்.

"போதுமா?"

வாசலிலிருந்து வந்தது அந்தக் கேள்வி. தம்பி. எவ்வளவு நேரமாக நின்றானோ, முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ரெண்டு பேருக்கும் இப்ப திருப்தியா? படகு போச்சு. சரி, அக்கா வேலையாவது மிஞ்சும்னு பார்த்தேன். அதையும் ஏலம் போட்டுட்டீங்க. நான் எதுக்குடி பொய் சொன்னேன்? எதுக்குக்கா சொன்னேன்?"

"நான் கேட்டேனாடா?"

"கேட்கல. வேணாம்னும் சொல்லலையே."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லல. தப்பு என்னுது. ஆனா அந்தப் பொய்யை வெச்சு அந்த ஆள் என்னைக் கட்டிப் போடப் பார்க்கறான். கட்டுப்பட மாட்டேன்."

"அப்ப என்கூடப் பேசாத. என் படகு சும்மா கெட்டுப் போச்சு, அவ்வளவுதான."

அவன் திரும்பிப் படகுத்துறைப் பக்கம் நடந்தான். மைக் அவனைக் கூப்பிடவில்லை. காலையில் அவன் அவள் பக்கம் திரும்பாமல் பேசினானே, அது அவள் நெஞ்சில் அப்படியே இருந்தது. அதை அவ்வளவு சுலபமாக விடுகிறவள் இல்லை.

அப்போது சங்கு ஊதியது. பெரிய படகு துறைமுக வாய்க்குள் நுழைந்துகொண்டிருந்தது.

ஸ்கேல் மேடம் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டாள். "வேலையை விட்டு நிறுத்தற உத்தரவு இன்னும் என் கைக்கு வரல. வர்ற வரைக்கும் இந்தத் துறைமுகத்துக்கு ஆய்வாளர் நான்தான்."

"தனியாவா போறீங்க?"

"வேற யாரு வருவா?"

மைக் கையை முந்தானையில் துடைத்தாள். "அளக்கறது நீங்க. அளவைக் கத்தறது நான். உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க அண்ணி."

"நினைக்கல."

இருவரும் படகுத்துறைக்கு வந்தபோது பெரிய படகு கரையை ஒட்டிவிட்டது. துணை இயக்குநர் முன்னாலேயே வந்து காத்திருந்தார். முத்திரை ஒட்டிய தன் படகுக்குப் பக்கத்தில் தம்பி நின்றான்.

மேல்தளத்திலிருந்து ஒருவன் கட்டுக் கயிற்றைச் சுழற்றி எறிந்தான். கரையில் யார் நிற்கிறார்களோ அவர்கள் பிடித்துக் கட்ட வேண்டும். எந்தத் துறைமுகத்திலும் அதுதான் வழக்கம், பேச்சுவார்த்தை இல்லாதவன் கயிறாக இருந்தாலும் பிடிப்பார்கள். கயிறு தம்பியின் காலடியில் விழுந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கயிறு வழுக்கித் தண்ணீருக்குள் போயிற்று.

"யோவ், கண்ணு தெரியல? பிடிய்யா," என்று மேலிருந்து கத்தினார்கள். இழுத்து மறுபடி எறிந்தார்கள்.

"தம்பி, அந்தக் கயிற்றைப் பிடிப்பா," என்றார் துணை இயக்குநர்.

"எனக்கு உரிமம் இல்ல சார்."

ஐஸ் வண்டிக்காரர்கள் அசையவில்லை. வலை உதறுகிறவர்கள் அசையவில்லை. பெரிய படகின் முன்பக்கம் மெல்லக் கரையை விட்டு விலக ஆரம்பித்தது. மேல்தளத்தில் நின்ற படகு முதலாளி துணை இயக்குநரை ஒரு பார்வை பார்த்தான். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

துணை இயக்குநர் ஓடினார். குனிந்து, நனைந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, இரும்புக் கட்டையில் தானே சுற்றிக் கட்டினார்.

ஏலக்கூடத்து வாசலில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். மைக் கத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை.